கீழிதழில் இருந்த புடைப்பு

ராசதுரையின் மகள் பள்ளிக்கூடக் கூரையைக் கெடுத்தவள் என்று ஜெர்மனியின் எசன் நகரிலும் அதைச் சுற்றியும் ஒரு கதை இருக்கிறது. அந்த மகள் நான்தான். கதையை மூன்று விதமாகக் கேட்டுவிட்டேன். ஒன்றில் நான் தேவாலயத்துச் சன்னலை உடைத்திருக்கிறேன். இன்னொன்றில் ஒரு கைப்பை நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டிருக்கிறேன். மூன்றாவதில் அந்தப் பிரச்சினையால் என் வேலை போய்விட்டது.

வேலை போனது உண்மை. ஆனால் அது விரல்களால் போனது. காற்றழுத்தச் சுத்தியலைப் பதினான்கு வருடங்கள் பிடித்ததில் என் விரல் நுனிகள் குளிர் பட்டதும் மெழுகு போல வெளுத்துவிடுகின்றன. சட்டைப் பொத்தானைக்கூட உணர முடியாது. தொழில் நோய் என்று காப்புறுதியினர் எழுதித் தந்தார்கள். முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்ற கல்தச்சி நான். இந்த ஆண்டு மலரில் தொழில் அனுபவம் எழுதும்படி தமிழ்ப் பள்ளி நிர்வாகசபை கேட்டபோது, என்னை ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டேன். மன்னிப்புக் கடிதம் எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார்களோ தெரியாது. இது அது இல்லை.

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுத வரும். நான் இங்கே பல்கலைக்கழகத்துக்குப் போகக்கூடிய புள்ளிகளோடு பள்ளியை முடித்தபோது அப்பா மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் லட்டு கொண்டுபோனார். அடுத்த கிழமை நான் கல்தச்சர் பட்டறையில் ஔஸ்பில்டுங்குக்கு, அதாவது தொழிற்பயிற்சிக்கு, இடம் எடுத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

"கல்லுடைக்கிறதுக்கோ இவ்வளவு படிச்சனி?" என்றார் அப்பா.

"உடைக்கிறதில்லை அப்பா. செதுக்கிறது."

"ரெண்டிலையும் தூசிதானே."

அம்மா கேட்டது வேறு. "சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது?" அவரே அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். சில வருடங்களாக நான் கட்டடக் கலை படிப்பதாகவே கலியாண வீடுகளில் சொல்லப்பட்டு வந்தது. அதை நான் திருத்தவில்லை. என் வாழ்க்கையில் திருத்தாமல் விட்ட பிழைகள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் ஒரு கல்லின் ஒரு முகத்தைச் சமன் செய்வதிலேயே போனது. இரண்டாம் வருடம் ஒரு பழைய தூணின் அடியில், அம்பு போன்ற சிறிய கொத்தனார் அடையாளம் ஒன்றைக் கண்டேன். பழைய காலத்துக் கல்தச்சர்கள் தாங்கள் செய்த கல்லில் அப்படி ஒரு குறி இடுவார்கள். புகைப்படம் எடுத்து, அளந்து, இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டறையே சிரித்தது. எனக்கு முந்தைய வருடம் பயின்றவன் விளையாட்டாகக் கொத்திவிட்டுப் போன குறி அது. வெட்டு விளிம்பு இன்னும் கூராக இருந்ததை நான் விரலால் தடவிக்கூடப் பார்க்கவில்லை. பழையதாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன், அதனால் பழையதாகத் தெரிந்தது. அன்றைக்குப் பிறகு நான் எந்தக் கல்லையும் அதன் சொல்லுக்கு நம்பியதில்லை. ஆட்களையும் அப்படித்தான் என்று என் தோழிகள் சொல்வார்கள்.

பட்டறையின் தலைவி ஃபிராவ் ஹெல்விக், தமிழில் திருமதி ஹெல்விக். பதினொரு வருடம் அவரின் கீழ் நேரடியாக வேலை செய்தேன். கடைசி நாள்வரை என்னை 'நீங்கள்' என்றுதான் அழைத்தார். நல்லது என்று சொல்ல மாட்டார், கூடாது என்றும் சொல்ல மாட்டார். பிழை இருந்தால் தாளை இரண்டு விரலால் மேசை மேல் நம் பக்கம் தள்ளிவிடுவார். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு ஒரு ஆப்பிளை எட்டுத் துண்டாக வெட்டிச் சாப்பிடுவார். அதில் ஒரு துண்டு இன்னொருவருக்குப் போனதை யாரும் பார்த்ததில்லை.

அறிக்கைகளை அவர் அடிமட்டம் வைத்து வரிவரியாக வாசிப்பார். வர்ணனைச் சொல் வந்தால் பென்சிலால் வட்டம் போடுவார். 'அழகான' என்பதற்கு வட்டம். 'அரிய' என்பதற்கு வட்டம். 'மிகப் பழைய' என்று ஒருமுறை எழுதினேன். வட்டத்துக்குப் பக்கத்தில், "எவரைவிட?" என்று எழுதியிருந்தார்.

அவருடைய படிவத்தில் மூன்று நிரல்கள் இருந்தன. கண்டது, அளந்தது, நினைத்தது. கண்டதை நினைத்ததோடு கலந்தவர் அந்தத் தாளை முதலிலிருந்து எழுத வேண்டும்.

கல்லைப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போவது விளங்குவதற்கு. டோர்ச் வெளிச்சத்தை நேரே அடிக்கக் கூடாது. கல்லின் முகத்தோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் உளியின் தடங்கள் நிழலாக எழுந்து வரும். எங்கள் பகுதிப் பழைய கல்லில் அவை குட்டையாக, ஒழுங்கில்லாமல், கடித்தது போல இருக்கும். பின்னாட்களில் வந்த அகன்ற உளி, தலை வாரியது போல ஒரே சீரான கோடுகளை விடும். மூட்டுகளில் பழைய சுண்ணாம்பு நகத்துக்கு உதிரும். சீமெந்து நகத்தைத்தான் தேய்க்கும். கடைசியாகப் பின்பக்கம் போக வேண்டும். மனிதர்கள் முன்பக்கத்தைத் திருத்தி வைப்பார்கள், பின்பக்கத்தை மறந்துவிடுவார்கள்.

ரூர் பகுதியில் இதற்கெல்லாம் மேல் ஒரு தொல்லை உண்டு. நிலக்கரிக் காலத்துப் புகை எல்லாக் கல்லையும் ஒரே கறுப்பாக்கிவிட்டது. அறுபது வருடக் கல்லும் அறுநூறு வருடக் கல்லும் கீழே நின்று பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும். அப்படிப்பட்ட தேவாலயங்கள் எல்லாம் எனக்கே வந்தன. எனக்குக் கூர்மையான கண் என்று ஃபிராவ் ஹெல்விக் காரணம் சொன்னார். அந்தக் 'கூர்மையான' என்ற சொல்லுக்கு நான் மனதுக்குள் வட்டம் போட்டுக்கொண்டேன்.

இனி அந்த நிறுவனம். பெயரை எழுத மாட்டேன், எழுத மாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். கைப்பை, கழுத்துத் துண்டு, சங்கிலி என்று விற்கும் பெரிய ஆடம்பர நிறுவனம். அதன் அடையாளம் நாலிதழ். நான்கு வட்டங்களை ஒன்றோடொன்று தொட வைத்து நடுச்சுவர்களை அழித்துவிட்டால் வரும் வடிவம் அது. எங்கள் கலியாண வீடுகளில் முன்வரிசை மடிகளைப் பார்த்தாலே தெரியும், அசலும் இருக்கும், மற்றதும் இருக்கும். அதே நாலிதழ்தான் நடுக்காலத்துக் கோதிக் தேவாலயங்களில் சன்னல்களின் மேற்பகுதியான தலைகளிலும் கைப்பிடிச் சுவர்களிலும் கல்லாக இருக்கிறது. அதை யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. கையில் கவராயம் உள்ள எவருக்கும் அது வரும்.

ஆனால் இந்த நிறுவனத்திடம் ஒரு கதை இருந்தது. அதை நிறுவியவர் இளம் வயதில் வேலை தேடி ஊர் ஊராக நடந்தபோது, ரூர் நதிக்கரையில் ஒரு சிறிய தேவாலயத்தில் மழைக்கு ஒதுங்கினாராம். அங்கிருந்த சன்னலின் நாலிதழைப் பார்த்துக் குறிப்புப் புத்தகத்தில் கீறிக்கொண்டாராம். அதுதான் பின்னர் அவர்களின் முதல் கைப்பைக்குப் பூட்டானதாம். அந்தத் தேவாலயம் எது என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நான்கு வருடங்களுக்கு முன் வந்தார்கள். புதிய வரிசையை அங்கே வைத்து வெளியிட வேண்டும். பதிலுக்குச் சன்னலைத் திருத்தித் தருவார்கள், பக்கத்திலிருக்கும், தேவாலயத்துக்குச் சொந்தமான பங்கு மண்டபத்தின் கூரையையும் புதிதாகப் போட்டுத் தருவார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு பக்க அறிக்கை. சன்னலின் நாலிதழ் கோதிக் காலத்தது என்று ஒரு நிபுணர் கையெழுத்து வைக்க வேண்டும்.

அந்தப் பங்கு மண்டபத்தில்தான் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடந்தது. மண்டபத்தைப் பூட்டித் திறக்கும் திறப்பு அப்பாவிடம் இருந்தது. மழை நாட்களில் மூன்றாம் வகுப்பை மேடைக்கு ஏற்றிவிட்டு, அவர்கள் இருந்த இடத்தில் வாளி வைப்பார்கள். கூரை திருத்தப்படாவிட்டால் அடுத்த வருடம் மண்டபத்தைப் பூட்டிவிடுவோம் என்று பங்கு நிர்வாகம் எழுத்தில் சொல்லியிருந்தது.

வேலை என் மேசைக்கு வந்ததும் ஃபிராவ் ஹெல்விக்கிடம் போய் இதைச் சொன்னேன். என் அப்பா அந்த மண்டபத்தோடு தொடர்புள்ளவர், இதை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன்.

"அப்படியானால் நீங்கள் மற்றவர்களைவிடக் கவனமாக இருப்பீர்கள்" என்று ஆப்பிளை வெட்டிக்கொண்டே சொன்னார்.

அது பாராட்டா, பொறியா என்று எனக்கு விளங்கவில்லை. பட்டறைக் கோப்பைப் புரட்டியபோது சந்தேகம் கூடியது. பல வருடங்களுக்கு முன் அதே தேவாலயத்துக்கு எழுதப்பட்ட அறிக்கை ஒன்று இருந்தது. 'சன்னல் தலை, நாலிதழ் உட்பட, கோதிக் காலத்தது.' கீழே ஃபிராவ் ஹெல்விக்கின் கையெழுத்து.

இதற்கிடையில் எங்கள் ஆட்கள் ஒரு வேலை பார்த்தார்கள். கூரை வரப்போகிறது என்று அப்பா மூலம் கேள்விப்பட்ட பள்ளிப் பொறுப்பாளர் செல்வராணி அக்கா, அந்த வருட வாணி விழாவுக்கு நிறுவனத்தின் பிரதிநிதியைச் சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டார். ஒரு தாளிலும் ஒரு கையெழுத்தும் விழாத நேரம் அது. பிரதிநிதி மெல்லிய குரலுள்ள ஒரு பெண். செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று மணி நேரம் அமைதியாக இருந்து எல்லா நடனமும் பார்த்தார். மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் சிரித்துக்கொண்டே அதன் ஓரத்தைப் பெருவிரலால் புரட்டித் தையலைப் பார்த்தார். எனக்கு அந்த ஒரு கணம் அவரைப் பிடித்தது. நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

பிறகு செல்வராணி அக்கா ஒலிவாங்கியில் என் பெயரைச் சொன்னார். "எங்கட பிள்ளையின்ர ஒரு கையெழுத்திலை எங்கட பிள்ளையளுக்குக் கூரை வருது." எனக்கும் ஒரு பொன்னாடை. முன்வரிசையில் அப்பா எழும்பி நின்று கைதட்டினார். கல்லுடைக்கிறவள் என்று வெளியே சொல்லாமல் மறைக்கப்பட்ட மகளுக்குச் சபை கைதட்டியது.

நான் மறுத்திருக்க வேண்டும். அறிக்கை எழுதாமல் அதற்கான மரியாதையை வாங்கியது என் தொழில் வாழ்க்கையின் பெரிய பிழை. தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். வாங்கும்போதே தெரிந்தது. ஆனாலும் குனிந்து வாங்கினேன், ஏனென்றால் நன்றாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்துச் சாரம் கட்டினார்கள். ஏறினேன். சன்னலின் தண்டுகள் பழையவை, அதில் ஐயமில்லை. சாய்வு வெளிச்சத்தில் குட்டைக் கடிகள் வரிசையாக எழுந்து வந்தன. தலையில் இருந்த நாலிதழுக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோனேன். சீரான கோடுகள், தலை வாரியது போல. மூட்டில் நகத்தை வைத்தேன். நகம் தேய்ந்தது. வெளிப்பக்கச் சாரத்துக்குப் போய்ப் பின்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே உளித்தடமே இல்லை. குண்டூசித் தலையளவு காற்றுக் குமிழிகள், இடையிடையே சின்னக் கூழாங்கற்கள், விளிம்பில் அச்சுப் பலகை இரண்டு சேர்ந்த கோடு. அது கல்லே இல்லை. சீமெந்தைக் கல்லைப் போல வார்த்து, முன்முகத்தில் மட்டும் உளியால் கோடு போட்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, குண்டு விழுந்த கட்டடங்களை அவசரமாகத் திருத்திய காலத்தில் இங்கே நிறைய நடந்த வேலை. மேலே ரூரின் கறுப்பு ஏறி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது.

நாலிதழின் கீழிதழில் இன்னொன்றும் இருந்தது. நடுவில் கோழிமுட்டை அளவு ஒரு புடைப்பு. மற்ற மூன்று இதழ்களிலும் அது இல்லை. அந்தப் பகுதியில் நான் பார்த்த எந்தச் சன்னலிலும் இல்லை. தண்ணீர் வடிவதற்கும் உதவாது, கண்ணாடியைத் தாங்கவும் உதவாது. கண்டது என்ற நிரலில் எழுதினேன். நினைத்தது என்ற நிரலை வெறுமையாக விட்டேன்.

பங்கு அலுவலகத்துப் பெட்டிகளில் இரண்டு நாள் தேடி, போருக்கு முன் எடுத்த ஒரு திருமணப் புகைப்படத்தைக் கண்டுபிடித்தேன். மணமக்களுக்குப் பின்னால் அதே சன்னல். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அதன் தலையில் மூன்று இதழ்கள்தான் இருந்தன. நிறுவனத்தை நிறுவியவர் அங்கே மழைக்கு ஒதுங்கியிருக்கலாம். ஆனால் நாலிதழைப் பார்த்திருக்க முடியாது.

அடுத்த கிழமை நிறுவனத்தின் பெண், படம் எடுப்பதற்காக அவர்களின் முதல் கைப்பைகளில் ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக் கையுறை போட்டு மேசையில் வைத்தார். போருக்கு முந்தைய பை. பித்தளைப் பூட்டு, நாலிதழ் வடிவம். அவர் தொலைபேசியோடு வெளியே போன நேரத்தில் நான் குனிந்து பார்த்தேன். கீழிதழின் நடுவில் சின்னப் புடைப்பு ஒன்று. பூட்டைத் திறக்க நகம் வைத்துத் தூக்கும் இடம்.

எங்களிடம் சீப்புப் போன்ற ஒரு கருவி உண்டு. மெல்லிய ஊசிகள் வரிசையாக இருக்கும். ஒரு வடிவத்தின் மேல் அழுத்தினால் ஊசிகள் பின்வாங்கி அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். பூட்டின் மேல் காகிதம் ஒன்றைப் போட்டு மெதுவாக அழுத்தி எடுத்தேன். பிறகு பூட்டையும் சன்னலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து இரண்டு தாள்களில் கீறினேன். ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கோடு கோட்டின் மேல் இருந்தது. புடைப்பு புடைப்பின் மேல்.

பூட்டில் அந்தப் புடைப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. சன்னலில் இல்லை. வேலை இல்லாத இடத்தில் இருப்பதுதான் பார்த்துச் செய்தது. கைப்பை தேவாலயத்தைப் பார்க்கவில்லை. தேவாலயம் கைப்பையைப் பார்த்திருக்கிறது. வரைபடங்கள் எரிந்துபோன காலத்தில், சன்னலைத் திருத்த வந்தவர் யாரோ ஒருவரின் மடியிலிருந்த பூட்டைப் பார்த்து அச்சு வெட்டியிருக்க வேண்டும். யாருடைய மடி என்று தெரியாது. இதைத்தான் நினைத்தது என்ற நிரலில் ஒரு வரியாக எழுதினேன்.

அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவர் இரண்டு தாள்களையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "இது எங்கள் வரலாற்றுக்குப் பொருந்தவில்லை" என்றார்.

"உங்கள் பூட்டுத்தான் முந்தியது. இது உங்களுக்குப் பெருமைதானே?"

"முந்தியது என்பதை யாரும் வாங்குவதில்லை. எங்கிருந்து வந்தது என்பதைத்தான் வாங்குகிறார்கள்."

நான்கு நாள் கழித்து ஒரு வழியோடு வந்தார். காலத்தை எழுத வேண்டாம். வார்ப்புக் கல் என்பதையும் எழுத வேண்டாம். 'வரலாற்றுச் சிறப்புடைய கோதிக் தேவாலயத்தின் நாலிதழ்ச் சன்னல்' என்று மட்டும் எழுதினால் போதும். அதில் பொய் என்று எதைச் சொல்வீர்கள்? தேவாலயம் கோதிக். சன்னலில் நாலிதழ் இருக்கிறது.

உண்மையில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

செய்தி எப்படிப் போனதோ தெரியாது, மறுநாளே செல்வராணி அக்கா அழைத்தார்.

"பிள்ளை, ஒரு வசனம்தானாமே?"

"வசனம்தான் அக்கா. அதுக்குக் கீழை என்ர பேர்."

"அதுதானே எங்களுக்குப் பெருமை. குடுக்கிறவன் குடுக்கிறான், நீ ஏன் குறுக்கை நிக்கிறாய்? அந்தச் சன்னலை அண்ணாந்து பாத்து ஆர் வயசு கேக்கப்போகினம்?"

"நான் கேட்டுட்டன் அக்கா."

"கேட்டனி சரி. சொல்லாமல் விடேலாதோ?" என்றார். "நூற்றுப் பத்துப் பிள்ளையள். வாற வருசம் எங்கை கொண்டுபோய் இருத்துறது? நீயும் இஞ்சைதானே ஆனா ஆவன்னா படிச்சனி."

செல்வராணி அக்கா சுயநலமாகக் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. அப்பா வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்.

இரண்டு அறிக்கைகளையும் எழுதினேன். ஒன்று நிரல்களோடு நான்கு பக்கம். மற்றது அந்த ஒரு வசனம். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நான்கு நாள் திரிந்தேன். கடைசியில் ஃபிராவ் ஹெல்விக்கிடம் இரண்டையும் காட்டினேன். அவரின் பழைய அறிக்கையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடிமட்டம் வைத்து இரண்டையும் வாசித்தார். ஒரு வசனத் தாளில் 'வரலாற்றுச் சிறப்புடைய' என்பதற்கு வட்டம் போட்டார். ஆனால் தாளை என் பக்கம் தள்ளவில்லை.

"கையெழுத்து உங்களுடையது" என்றார். "எதில் வைக்கிறீர்களோ அதை அனுப்புகிறேன்."

தன் பிழை வெளியே வரக்கூடாது என்று ஆசைப்படுகிறார், அதை என் கையால் மூடப் பார்க்கிறார் என்று அன்று நினைத்தேன். இத்தனை வருடமாக எனக்குப் படிவம் நிரப்பக் கற்றுத்தந்த கை என்று அவரின் கையைப் பார்த்தேன். நம்ப முடியவில்லை.

முடிவை எடுக்க வைத்தது வேறொன்று. அன்று பின்னேரம் நிறுவனத்திலிருந்து தங்கள் வெளியீட்டு மலரின் மாதிரியை அனுப்பியிருந்தார்கள், என் பெயரின் எழுத்துகள் சரியா என்று பார்க்கச் சொல்லி. தடித்த தாள், அழகான படம். 'நடுக்காலத்துக் கைகள் செதுக்கிய இந்த நாலிதழ் எங்கள் நிறுவனரின் கண்ணில் பட்டது.' அதற்குக் கீழே என் முழுப் பெயர், கல்தச்சி, நிபுணர். அப்பாவின் பெயரோடு சேர்த்து, ஒரு எழுத்தும் பிழையில்லாமல்.

நான் எழுதாத வசனம் அது. நான் எதையும் அனுப்புவதற்கு முன்னரே என் பெயருக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்த ஒரு வசன அறிக்கையைக் கொடுத்தால் அதை எதற்கு மூடியாகப் பயன்படுத்துவார்கள் என்று பிறகு சந்தேகப்படத் தேவையில்லாமல் போய்விட்டது.

நான்கு பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். பேனா அழுத்தி எழுதும்போது விரல்கள் அப்போதே வெளுக்கத் தொடங்கியிருந்தன. ஃபிராவ் ஹெல்விக் வாங்கி, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, என் பெயருக்குக் கீழே தன் கையால் எழுதினார்: 'எனது முந்தைய அறிக்கை தவறு. நான் சாரத்தில் ஏறவில்லை. கீழே நின்று தூரக்கண்ணாடியில் பார்த்தேன்.' கையெழுத்து வைத்து, பழைய அறிக்கையையும் பின்னிணைப்பாகச் சேர்த்தார்.

இதை வாசிப்பவர்கள் அவரைப் பெரிய மனசுக்காரி என்று நினைக்கலாம். நானும் ஒரு கிழமை அப்படி நினைத்தேன். பிறகு இன்னொரு எண்ணம் வந்தது. அவருக்கு ஏற்கனவே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். தன் பிழையைத் தானே சொல்ல மனம் வராமல், கூர்மையான கண் என்று சொல்லி என்னை ஏற்றிவிட்டிருக்கலாம். நான் ஓய்வு பெறும்வரை அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்றைக்கும் அது மூன்றாவது நிரலில்தான் இருக்கிறது.

நிறுவனம் மரியாதையாக ஒரு கடிதம் எழுதி விலகிக்கொண்டது. நாலிதழ் உள்ள இன்னொரு தேவாலயத்தை அவர்கள் கண்டுபிடித்துவிட்டதாகப் பிறகு அறிந்தேன். அதன் பின்பக்கத்தை யார் பார்த்தார்களோ தெரியாது.

மண்டபத்தைச் சொன்னபடி பூட்டினார்கள். பள்ளி இப்போது நகரின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போகும் இடத்தில் நடக்கிறது. முப்பது பிள்ளைகள் வரையில் நின்றுவிட்டார்கள். இதை நான் மறைக்கவில்லை. கூரை போனதற்கு என் கையெழுத்தும் ஒரு காரணம். ஆனால் சன்னலை நான் உடைக்கவில்லை, வழக்குப் போடவில்லை.

பூட்டுவதற்கு முன் கடைசியாக அதே மண்டபத்தில் நிர்வாகசபைக் கூட்டம் நடந்தது. என்னையும் வரச் சொன்னார்கள். நான்கு பக்கத்தையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்று பிடித்தும் காட்டினேன். ஒருவர், "கைப்பையைப் பாத்துக் கோயில் கட்டின சனமோ" என்று சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. செல்வராணி அக்கா, "விளங்குது பிள்ளை. விளங்குது. ஆனா பிள்ளையளுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். அப்பா பின்வரிசையில் இருந்தார். எழும்பவில்லை. எல்லோரும் போன பிறகு திறப்பைப் பங்கு அலுவலகப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்து காரில் ஏறினார்.

நான் காரை எடுக்கவில்லை. ஏதாவது சொல்வார் என்று இருந்தேன். இருக்கைப் பட்டியை மாட்டிவிட்டுச் சொன்னார்.

"நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் கிழமை பதினொரு தாளிலை கையெழுத்து வைச்சனான். ஒண்டும் வாசிக்கத் தெரியாது. மொழிபெயர்க்க வந்தவன் வையுங்கோ எண்டான், வைச்சன். ஒண்டிலை நான் பிறந்த திகதி பிழை. பிறகு மாத்தப் போனா, நீங்கள்தானே கையெழுத்து வைச்சிருக்கிறியள் எண்டு சொல்லிப்போட்டாங்கள். இண்டைக்கும் அந்தத் திகதியிலைதான் எனக்கு வயசு போகுது."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நீ வாசிச்சுப்போட்டு வைச்சிருக்கிறாய்" என்றார்.

"அப்ப உங்களுக்கு என்னிலை கோவம் இல்லையோ?"

"இருக்கு" என்றார் அப்பா. "அது வேறை. காரை எடு."